வாசல் காலியாக இருந்த அரை நிமிடம்

ஆத்பாஷி
1999 செப்டம்பர் 5

அன்பான கிளாரா அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? தலைவலி விட்டதா? இங்கே ஆடுமாடு, பிள்ளைகுட்டி எல்லாம் சுகம். என் மாமியாரின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாமே சுகம்.

உன் ‘கிளாரா அக்காவைக் கேளுங்கள்’ பக்கம் வந்துவிட்டால் நாங்கள் காவுகாரின் தையல் கடையில் கூடிவிடுகிறோம். நான்தான் உரக்கப் படிப்பேன். எழுதுகிறவளின் தங்கை என்பதால் அந்த உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ‘வாரத்தில் ஒரு நாள் சமையலறைக்கு விடுமுறை விடுங்கள்’ என்று எழுதியிருந்தாயே, சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அதோடு விட்டேனா? வீட்டுக்கு வந்து விடுமுறையும் விட்டேன். என் கணவரும் பிள்ளையும் காய்ந்த ரொட்டியைக் கடித்துச் சமாளித்துக்கொண்டார்கள். மாடுதான் ஒப்புக்கொள்ளவில்லை. அது பத்திரிகை படிப்பதில்லை அக்கா. விடியும்போதே மடி கனத்துக் கத்த ஆரம்பித்துவிட்டது.

ஒரு காரியம். என் மகள் பேகாய்க்கு உங்கள் பிஷ்கெக்கில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அக்டோபர் முதல் தேதி வகுப்பு. விடுதியில் இடமில்லையாம். உன்னோடு வைத்துக்கொள்வாயா? ஒரு மூலை போதும். பதினேழு முடிந்துவிட்டது அவளுக்கு. இந்த ஊரில் அந்த வயதுப் பெண்ணை அதிக நாள் தெருவில் நடக்கவிடக் கூடாது. கல்யாணத்துக்கென்று என்னைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்குப் பதினெட்டு. உப்பு வாங்கக் கடைக்குப் போனவள், இன்னும் வீடு திரும்பவில்லை.

அவள் அப்பா ஓமோர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மினிபஸ் ஓட்டும் தாஷ்தானிடம் பதில் கொடுத்தனுப்பு. ஒரு பை உலர்தயிர் உருண்டை அனுப்பியிருக்கிறேன். பல்லை உடைத்துக்கொள்ளாதே.

உன் தங்கை,
ஜிபார்


பிஷ்கெக்
செப்டம்பர் 19

என் கண்ணு ஜிபாருக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மாமியாரின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடு பறக்கத் தேய்க்க வேண்டும். தேய்ப்பது உன் வேலை அல்ல, அவருடைய மகனின் வேலை. இதையே அடுத்த வாரம் எழுதலாம் என்று இருக்கிறேன்.

உன் மாட்டுக் கதையை அலுவலகத்தில் சொன்னேன். ஆசிரியர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ‘இந்த மாடு நம்ம பக்கத்துக்கு வரணும்’ என்கிறார். போட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

பேகாய் விஷயம். எனக்கு ஆசைதான். ஆனால் என் வீட்டுத் தரையைப் பெயர்த்துப் போட்டிருக்கிறேன். பெயிண்ட் வாசனை வேறு. ஒரு பெண் பிள்ளையை அதில் எப்படிப் படுக்கவைப்பது? விசாரித்தேன், பிப்ரவரியிலும் சேர்த்துக்கொள்கிறார்களாம். புது வருஷம் கழியட்டும்.

குளிர் வந்துவிடும், கழுத்தை மூடிக்கொள்.

அக்கா


ஆத்பாஷி
அக்டோபர் 8

அன்பான அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. ஆடுகள் மலையிலிருந்து இறங்கியாயிற்று. தைலம் வந்தது. ஓமோர் தேய்த்தார். ‘பத்திரிகையில போட்டிருக்காளாமே உங்க அக்கா, தேய்க்காட்டி ஊரே கேக்கும்’ என்று முனகிக்கொண்டே தேய்த்தார்.

உன்மேல் ஒரு புகார் உண்டு. உன் அறிவுரையெல்லாம் சம்பளமும் தனிச் சாவியும் உள்ளவளுக்குத்தான் என்று கடையில் பேசிக்கொள்கிறார்கள். ‘பிடிக்கவில்லையா, கதவைச் சாத்திக்கொண்டு கிளம்புங்கள்’ என்கிறாய். எந்தக் கதவு? எங்கே கிளம்புவது? என் மாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “ஏம்மா, உங்க அக்கா பொண்டாட்டிக்குச் சொல்றா, மருமகளுக்குச் சொல்றா, இஸ்கூல் பொண்ணுக்குக் கூடச் சொல்றா. மாமியார்னா பொம்பளை இல்லையா? எங்களுக்கு ஒரு வரி கிடையாதா?”

காவுகார் இன்னும் ஒரு படி மேலே போனாள். அவளுக்கு ஒரு கால் சூம்பியது, உனக்கு நினைவிருக்கும். “என்னை ஒருத்தனும் தூக்கலை. நொண்டியாச்சே, ஓட மாட்டா, சுலபமாத் தூக்கலாமேன்னு கூட ஒரு பயலுக்குத் தோணலை. இதுக்கு நான் சந்தோஷப்படணுமா வருத்தப்படணுமா? உங்க அக்காகிட்டக் கேட்டுச் சொல்லு” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

தாஷ்தானுக்கும் ஒரு வரி எழுது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் அவன் வீட்டில் சமைக்கிறான். ருசியாகச் சமைப்பான். தெரிந்தால் மானம் போய்விடுமாம்.

பெயிண்ட் காய்ந்ததா அக்கா? பேகாய் செப்டம்பரிலேயே பையைக் கட்டிவிட்டாள். அவிழ்க்கச் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள். வேண்டிய உடையை அதிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொண்டு, துவைத்துத் திரும்ப அதிலேயே வைக்கிறாள்.

ஜிபார்


பிஷ்கெக்
அக்டோபர் 30

செல்லத் தங்கைக்கு,

எப்படி இருக்கிறீர்கள் எல்லாரும்? நீ போட்ட போட்டில் என் பக்கமே மாறிவிட்டது. கூட அனுப்பியிருக்கும் பத்திரிகையைப் பார். ‘எல்லாருக்கும் ஒரு வரி’ என்று தலைப்பு.

மாமியார்களுக்கு: மருமகள் தூங்கினால் எழுப்பாதீர்கள். உங்களைத் தூங்கவிடாத நாட்களில் மிச்சமான தூக்கம் அது. காவுகாருக்கு: உங்களைக் கேட்காமல் தூக்குபவன் திருடன். உங்களை வந்து கேட்காதவன் மூடன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மனிதன் பிறக்கும்வரை நிம்மதியாகத் தையுங்கள். தாஷ்தானுக்கு: திரையைத் திறங்கள் ஐயா, வாசனை எப்படியும் தெருவுக்கு வந்துவிட்டது.

மூட்டை மூட்டையாகக் கடிதம் வருகிறது. வாரத்துக்கு ஒரு பக்கம் என்பது இரண்டாகிவிட்டது. மூச்சுவிட நேரமில்லை.

பேகாய்க்கு இந்தப் பனியில் கணவாய் தாண்டி வருவது ஆபத்து. புது வருஷம் கழியட்டும் என்றேனே. பையை அவிழ்க்கச் சொல், துணி கசங்கிவிடும்.

முத்தங்களுடன்,
கிளாரா


ஆத்பாஷி
நவம்பர் 21, பகல்

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. பேகாயைத் தூக்கிவிட்டார்கள். காவுகாரின் கடையிலிருந்து நூல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவளைக் காரில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். கீழ் ஊர் மாட்டு வைத்தியரின் மகன். வழக்கப்படி ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு சமாதானம் பேச இரண்டு பேர் வந்து, எங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஓமோர் எழுந்திருக்கவில்லை. “உன்னைத் தூக்கிட்டு வந்தவன் நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்க் கேக்கறது?” என்கிறார்.

இருட்டுமுன் அவளை வெளியே கொண்டுவர வேண்டும். தாஷ்தான் பெட்ரோல் ஊற்றுகிறான், அதற்குள் எழுதுகிறேன். பிஷ்கெக் போகும் லாரியில் கொடுத்தனுப்புகிறேன். இன்று அவர்கள் விடாவிட்டால் நாளை நீ வர வேண்டும். அந்த வீட்டிலும் உன் பக்கத்தைப் படிக்கிறார்கள். உன் பேச்சைக் கேட்பார்கள்.

வா அக்கா.


பிஷ்கெக்
நவம்பர் 23

ஜிபார்,

கடிதம் நேற்று மத்தியானம் கிடைத்தது. உங்கள் தபால் நிலையத்துக்கு ஆறு முறை போன் போட்டேன். லைன் கிடைக்கவில்லை. என்ன ஆயிற்று? பேகாய் எங்கே இருக்கிறாள்? ஒரே ஒரு சொல் எழுதியனுப்பு.

கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் நிலையம் வரை போனேன். ஆத்பாஷி வண்டி நின்றுகொண்டிருந்தது. டிரைவர், “ஏறுறீங்களா, எடத்தப் பிடிச்சு வைக்கவா?” என்று இரண்டு தரம் கேட்டான். நான் ஏறவில்லை. ஏன் என்று இந்தக் காகிதத்தில் எழுத வரவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். மாமியாரையும்.

அக்கா


பிஷ்கெக்
டிசம்பர் 12

அன்புள்ள ஜிபாருக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. மூன்று வாரமாகிவிட்டது. தாஷ்தானைப் பஸ் நிலையத்தில் பிடித்தேன். “எதையும் நான் சொல்லக் கூடாதுன்னு ஜிபார் சொல்லிருக்காங்க. நீங்களே எழுதிக் கேட்டுக்கங்க” என்று கதவைச் சாத்திவிட்டான்.

எழுதுகிறேன். ஏன் வரவில்லை என்று எழுதுகிறேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் என்னைத்தான் அனுப்பினார்கள். அப்பா, “போய்ப் பாரு. அவளுக்குப் பிடிக்கலேன்னா கையோட கூட்டிட்டு வந்துரு” என்றுதான் சொல்லி அனுப்பினார். அது உனக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வீட்டு வாசற்படியில் உன் மாமியார் குறுக்கே படுத்திருந்தார். பெரியவளைத் தாண்டி வெளியேறும் பெண் உருப்பட மாட்டாள் என்ற பயத்தில்தானே எத்தனையோ பேர் மணப்பெண்ணை உட்காரவைக்கும் திரையின் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நீயும் தலையில் சம்மதத்துக்கு அடையாளமான வெள்ளைத் துணியோடு உட்கார்ந்திருந்தாய். புதுப்பெண் பேசக் கூடாது. எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாய். விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவோம், இருந்து இன்னும் குடிக்கட்டும் என்று. நிறைத்து ஊற்றினால் கிளம்பலாம் என்று பொருள். நம் வீட்டில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். நீ விளிம்புவரை நிறைத்தாய். என்னைப் பார்த்தாய், பிறகு வாசலைப் பார்த்தாய்.

எனக்குப் புரிந்தது, ஜிபார். கிளம்பலாம் வா என்று நீ சொன்னது நன்றாகவே புரிந்தது.

ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தேன். “நல்ல வீடாத்தான் இருக்கு. இருந்துக்க, ஜிபார்” என்று அவர்கள் காதில் விழும்படி சொன்னேன். பத்து நாளில் எனக்குக் கல்யாணம். திரும்பி வந்த பெண் இருக்கும் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். அந்தக் கல்யாணம் ஆறு வருஷம்தான் நின்றது. அந்த ஆளுக்காக உன்னை விட்டுவிட்டு வந்தேன்.

வெளியே போகும் விருந்தாளிக்கு வழிவிட உன் மாமியார் எழுந்து ஒதுங்கி நின்றார். அரை நிமிடம் வாசல் காலியாக இருந்தது. நான் ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தால் நீ வந்திருப்பாய். நான் திரும்பவில்லை.

பெயிண்ட் ஆகஸ்டிலேயே காய்ந்துவிட்டது. பேகாய்க்கு அந்த வயதில் இருந்த உன் முகம். என் மேஜையில் எதிரே உட்கார்ந்து அந்த முகம் எனக்குத் தேநீர் ஊற்றும் என்று நினைத்துத்தான் பெயிண்ட் வாசனை என்று எழுதினேன். அதனால்தான் புது வருஷம் புது வருஷம் என்று தள்ளினேன். தள்ளாமல் இருந்திருந்தால் அவள் அந்தக் கடைக்கே போயிருக்கமாட்டாள்.

பதினைந்து வருஷமாக ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ‘கிளம்புங்கள்’ என்று சிரிக்கச் சிரிக்க எழுதுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் ‘இருந்துக்க’ என்று சொன்னவள் நான். இதை அப்படியே புது வருஷ இதழில் எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். நீ சரி என்று சொன்னால் போதும்.

பேகாய் எங்கே இருக்கிறாள்? அதை மட்டுமாவது சொல்.

கிளாரா


ஆத்பாஷி
2000 பிப்ரவரி 6

அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

பேகாய் அன்றைக்கே வந்துவிட்டாள். இரண்டு மாதம் உன்னைத் தவிக்கவிட்டது தப்புத்தான். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று நானும் தள்ளினேன். நமக்குள் அந்தப் பழக்கம் இருக்கிறது போலிருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். நான் வண்டியில் ஏறும்போது மாமியார் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். “நீங்க எதுக்கு?” என்றேன். “நீ பேசுவே. பேச்சுல எவ விடுவா? எனக்கு வேற வேலை தெரியும்” என்றார்.

அந்த வீட்டில் நுழையும்போது பேகாய் திரைக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்தாள். நாலு தடவை வெள்ளைத் துணியைக் கட்டினார்களாம், நாலு தடவையும் பிடுங்கி எறிந்துவிட்டாளாம். அவள் எழுந்து என்னிடம் ஓடி வந்தாள். உடனே அந்த வீட்டுக் கிழவி வாசற்படியில் குறுக்கே விழுந்து, “என்னைத் தாண்டினா நாசமாப் போயிருவே!” என்று ஓலமிட்டாள். பேகாய் நின்றுவிட்டாள். அத்தனை பேசுகிற பெண், அந்த ஒரு சொல்லுக்கு நின்றுவிட்டாள் அக்கா. நானும் அவளோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

மாமியார் கம்பைச் சுவரில் சாத்தினார். முக்கி முனகி அந்தக் கிழவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “நகந்து படுடி, எனக்கும் எடம் வேணும்” என்று இடுப்பால் ஒரு இடி இடித்தார். அவள் உருண்டு ஓரமாகப் போனாள். இவர் வாசலில் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டார்.

“உன்னை யாருடி தாண்டச் சொன்னா? என்னைத் தாண்டிப் போவா. இவ என் மகன் பெத்தவ. என் சாபம் என்கிட்டதான் இருக்கு, நான் குடுக்கலை. பேகாய், தாண்டுடி. முழங்காலை மட்டும் மிதிச்சிராதே.”

அவள் தாண்டினாள். நானும் தாண்டினேன். பதினெட்டு வருஷத்தில் அவரைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அப்புறம் அவரை எழுப்பி நிறுத்த அந்த வீட்டுப் பெண்களே நாலு பேர் வேண்டியிருந்தது. எழுந்து நின்று அவர்களுக்கு நன்றி வேறு சொன்னார்.

வண்டியில் வரும்போது மாமியார் கம்பை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அன்னைக்கு உங்க அக்கா வெளிய போனப்போ நான் எழுந்தேன்ல. அப்ப என் முழங்கால் நல்லாத்தான் இருந்துச்சு. உடனே திரும்பப் படுத்திருக்கலாம். படுக்கலை. போறதுன்னா இந்தப் பொண்ணு போயிரட்டும்னு நின்னேன். நீ வரலை.”

நான் ஏன் போகவில்லை என்று அவர் கேட்கவில்லை. நான் உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன் அக்கா. இதோ திரும்புவாள், இதோ திரும்புவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலை நான் பார்க்கவே இல்லை.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். உனக்குப் புரியவில்லை என்றுதான் இத்தனை வருஷம் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். ‘எங்க அக்கா பட்டணத்துல படிச்சவ, வழக்கமெல்லாம் மறந்துபோச்சு’ என்று அம்மாவிடம் சொன்னேன், ஓமோரிடம் சொன்னேன். எனக்கே சொல்லிக்கொண்டேன். சொல்லிச் சொல்லி அது நிஜமாகவே ஆகிவிட்டது. அதனால்தான் கடையில் உட்கார்ந்து உன் பக்கத்தைப் பெருமையாகப் படிக்க முடிந்தது. இப்போது நீ ‘புரிந்தது’ என்று எழுதிவிட்டாய். உனக்குப் பாரம் இறங்கியிருக்கும். நான் இனி யாரிடம் என்ன சொல்வேன்?

அதைப் பத்திரிகையில் போடாதே. போட்டால் மூட்டை மூட்டையாகக் கடிதம் வரும். எவ்வளவு தைரியம், எவ்வளவு நேர்மை என்று உன்னைப் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டை நான் கடையில் உட்கார்ந்து உரக்கப் படிக்க வேண்டியிருக்கும். அது மட்டும் என்னால் ஆகாது.

பேகாய் இங்கே பக்கத்தில் நாரின் நகரத்தில் இருக்கிறாள். அங்கேயே நர்ஸ் படிப்பில் சேர்ந்துவிட்டாள். காவுகாரின் தங்கை வீட்டில் தங்கியிருக்கிறாள். ஒரே அறை, அதில் ஐந்து பேர். கேட்டதும் ‘இன்னைக்கே அனுப்பு’ என்றார்கள். உன் கடிதத்தை அவளும் படித்தாள், நான் மறைக்கவில்லை. பிஷ்கெக்குக்கு வரமாட்டேன் என்று அவளே சொன்னாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜிபார்


பிஷ்கெக்
மே 2

அன்புள்ள ஜிபாருக்கு,

சுகமா? புல் முளைத்திருக்கும், மலைக்கு ஏறப் போகிறீர்களா? உன் பிப்ரவரிக் கடிதத்துக்குப் பிறகு இது நான் எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் பதில் வரவில்லை. கணக்குச் சொல்லவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

நீ சொன்னபடி அதைப் போடவில்லை. போடவும் மாட்டேன்.

மார்ச்சில் தலாஸிலிருந்து ஒரு தாய் என் பக்கத்துக்கு எழுதியிருந்தாள். தன் மகளுக்கு இங்கே படிப்பு, தங்க இடமில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாள். வேடிக்கையாக ஒரு பதிலும் எனக்குத் தோன்றவில்லை. ‘இன்றைக்கே அனுப்புங்கள்’ என்று தந்தி கொடுத்துவிட்டுப் பஸ் நிலையத்துக்குப் போய் நின்றேன். பேகாய்க்கென்று ஜன்னலோரம் போட்டிருந்த கட்டிலில்தான் அந்தப் பெண் இப்போது தூங்குகிறாள். ஈரத்துண்டைக் கட்டில்மேலேயே போடுகிறாள், காலையில் உரக்கப் பாடுகிறாள். நல்ல பெண். அவள் அம்மா எனக்கு எழுதும் நன்றிக் கடிதங்களைப் பாதியோடு மடித்து வைத்துவிடுகிறேன்.

எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா, ஜிபார்? ஒரு தந்தி, ஒரு கட்டில், பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம். அவ்வளவுதான். முன்பின் தெரியாதவளுக்குச் செய்ய முடிந்தது. உனக்குத்தான் இரண்டு தடவையும் செய்யாமல் போனேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. மாமியாரின் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருக்கும், தாஷ்தானிடம் புதிது கொடுத்திருக்கிறேன். பேகாய்க்குப் பரீட்சை எப்போது? நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? நீ பதில் எழுதாவிட்டாலும் இதையெல்லாம் ஒவ்வொரு மாதமும் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

உன் அக்கா,
கிளாரா